குடும்பஸ்தர் அணிக்கு ஓர் ஆள் குறைவு

எங்கள் ஊர் கிரிக்கெட் சங்கத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறார்கள். புது ஜெர்சி வருகிறதாம், அதோடு ஒரு சின்ன மலரும் போடப் போகிறார்களாம். யார் ஆரம்பித்தது, எத்தனை கோப்பை வாங்கினோம், எந்தெந்த ஊரை ஜெயித்தோம் என்று இரண்டு பக்கத்துக்குள் வேண்டுமாம். "சீக்கிரம் அனுப்பு அண்ணாத்தே" என்று ஒருவன் எழுத, கீழே நான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

கோப்பை எண்ணுவதற்கு நான் எதற்கு? பீரோ மேல் தூசி பிடித்து நிற்கின்றன, போய் எண்ணிக்கொள்ள வேண்டியதுதானே. எண்ணினால் ஒன்பது வரும். அதில் இரண்டு, எதிரணி வராததால் கிடைத்தவை. ஒன்று கேரம் போட்டிக் கோப்பை. எங்கள் சங்கத்தில் கேரம் போர்டே கிடையாது, அது எப்படி வந்தது என்று கேட்டால் எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள். இதை எல்லாம் மலரில் போட்டுக்கொள்ளட்டும்.

என்னைக் கேட்டால், எங்கள் சங்கத்தின் வரலாறு என்பது காணும் பொங்கல் அன்று எங்களுக்குள்ளேயே நடக்கும் ஆட்டத்தின் வரலாறுதான். ஒரு பக்கம் குடும்பஸ்தர் அணி, இன்னொரு பக்கம் பேச்சிலர் அணி. கல்யாணம் ஆனவன் அங்கே, ஆகாதவன் இங்கே. வேறு எந்தப் பாகுபாடும் கிடையாது. பன்னிரண்டு ஓவர், டென்னிஸ் பந்து, தோற்ற கட்சி ஜெயித்த கட்சிக்குப் பிரியாணி பரிமாற வேண்டும். இந்த ஆட்டத்தை ஒரு வருடம்கூட நாங்கள் விட்டதில்லை.

ஊர் வானகரத்துக்கும் அம்பத்தூருக்கும் நடுவில், பைபாஸில் போகும் லாரிச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. ஏரிக்கரைக்குக் கீழே மாடு மேயும் புறம்போக்குதான் எங்கள் மைதானம். இப்போது மூன்று பக்கமும் அடுக்குமாடி வந்துவிட்டது. கரையைத் தாண்டி பந்து ஏரியில் விழுந்தால் அடித்தவன் அவுட், அவனே நீந்திப் போய் எடுக்கவும் வேண்டும். தை மாதத்தில் ஏரி நிரம்பி இருக்கும் என்பதால் எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் அந்தப் பக்கம் தூக்கி அடிக்கத் தெரியாது. வெளியூர் போட்டிகளில் லாங் ஆனில் ஆளே இல்லாதபோதும் நாங்கள் தரையோடு தட்டிவிட்டு ஓடியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு.

சங்கத்தை ஆரம்பித்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் என் அப்பா. நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பூந்தமல்லியில் லேத் பட்டறை. மைதானம் இருக்கும் இடத்தில் முன்பு செங்கல் சூளை இருந்ததால் எங்கே குத்தினாலும் செங்கல் துண்டு இடிக்கும், கட்டை ஸ்டம்ப் இறங்காது. நைனா பட்டறையில் இரும்புக் குழாய்களை அளவாக வெட்டி, கனமான தகட்டின் மேல் மூன்று மூன்றாக நிறுத்தி வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தார். ஒரு பக்கத்து ஸ்டம்பைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பந்து பட்டால் டங்கென்று ஒரு சத்தம் வரும். தெருவில் துணி காயப்போடுகிற பெண்கள்கூட, "யாரோ பூட்டாங்க" என்பார்கள். அவுட்டா இல்லையா என்ற சண்டை பாதி அந்தச் சத்தத்திலேயே தீர்ந்துவிடும்.

கல்யாணம் ஆனவன் கட்சி மாறுவதற்கும் ஒரு முறை உண்டு. கல்யாணம் முடிந்து வரும் முதல் காணும் பொங்கலன்று, டாஸ் போடுவதற்கு முன், மாப்பிள்ளை ஒரு பக்க ஸ்டம்பிலிருந்து மறு பக்க ஸ்டம்புக்கு நடந்து போக வேண்டும். பேச்சிலர்கள் பின்னாலேயே தகர டின்னில் சாவு மேளம் அடித்துக்கொண்டு வருவார்கள். ஒருவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மாரில் அடித்து அழுவான். "எங்கள வுட்டுட்டுப் பூட்டியே ராசா, இனிமே ஞாயித்துக்கெழம உன்ன யாரு வெளிய வுடுவா" என்று ஒப்பாரி நடக்கும். மறுமுனையில் குடும்பஸ்தர் அணிக் கேப்டன் கைகொடுத்து வரவேற்று, ஒரு நீள நோட்டில் அவன் பெயரையும் கல்யாணம் ஆன மாதத்தையும் எழுதிக்கொள்வார். அந்தக் கேப்டன் வேறு யாரும் இல்லை, என் நைனாதான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்தான்.

ஒரே ஒரு முறை இதில் மோசடி நடந்தது. ஊரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஆந்திரா பக்கம் லோடு ஏற்றிப் போன இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு, வந்து வாயைத் திறக்காமல் பேச்சிலர் அணிக்கு ஆடி ஐம்பத்திரண்டு ரன் அடித்தார். அடுத்த வாரமே அந்தம்மா ஒரு இரும்புப் பெட்டியோடு ஏரிக்கரையில் வந்து இறங்கி, "மா ஆயன எக்கட?" என்று தன் புருஷனைத் தேடிக் கேட்டிருக்கிறார். அன்றைக்குப் போட்ட விதி இது: கல்யாணத்தை மறைத்து பேச்சிலர் அணிக்கு ஆடினால், அவன் அடித்த ரன் அத்தனையும் கழிக்கப்படும். பிறகு லாரிக்காரருக்கு முட்டி போய்விட்டது. எங்கள் நிரந்தர அம்பயர் அவர்தான்.

அந்த விதியை மறுபடி வெளியே எடுக்கவைத்த ஆள் நான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பேச்சிலர் அணியின் விக்கெட் கீப்பர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் கட்டிக்கொண்டவள் அதே கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருந்தாள். நான் கடைந்து அனுப்பும் பாகங்களை அளந்து பார்த்துத் திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை. முதல் மாதம் அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. அளவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன். அவள் என் கையாலேயே அளக்கச் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகு நான் சண்டைக்குப் போகாத நாளே இல்லை, காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அவள் அப்பாவுக்கு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சாதி வேறு. அதை மூடி மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, அதனால்தான் பயந்தோம். ஆவணி மாதத்தில் ஒரு நாள் பூந்தமல்லி பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, மாலை மாற்றி, வெளியே வந்து ஆளுக்கொரு ரோஸ் மில்க் குடித்து, அவள் ஆவடி பஸ்ஸிலும் நான் வானகரம் பஸ்ஸிலும் ஏறினோம். அவரவர் வீட்டில் அவரவர்.

ஆவணியில் செய்ததை ஐப்பசிக்குள் சொல்லிவிடுவது என்று இருந்தோம். என்னால் முடியவில்லை. என் பெரியப்பா மகள் இப்படித்தான் பதிவு செய்துகொண்டாள். நைனா நான்கு வருடம் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எல்லோரும் சாதிக் கோபம் என்றுதான் நினைத்தோம். ஒருநாள் அம்மா அதட்டிக் கேட்டபோது அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "சாதியத் தூக்கிக் குப்பைல போடு. நான் தூக்கி வளத்த பொண்ணு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே." இதைக் கேட்ட பிறகும் நானும் சொல்லாமல் செய்திருக்கிறேன் என்றால் என்னை என்னவென்று சொல்வது. செய்த அன்றே சொல்லியிருந்தால் ஒரு தப்பு. ஒவ்வொரு நாள் தள்ளிப்போட்டதும் ஒவ்வொரு தப்பாகச் சேர்ந்துகொண்டே போனது. சாப்பிடும்போது அவர் என் தட்டில் மீன் துண்டை எடுத்து வைத்தால் அதைத் தட்டிலேயே அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டிருப்பேன்.

மார்கழி கடைசியில் அவள் சொன்னாள். "தை பொறந்ததும் சொல்லிருதேன்னு சொன்னீங்க. பொங்கல் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. வேன் புடிச்சு வர்றாங்க, பதினாறு பேரு." பிறகு சிரித்துக்கொண்டே, "காணும் பொங்கலுக்கு உங்க ஊருக்கு வரப் போறேன். பேச்சிலர் டீமுக்கு ஆடுற என் வீட்டுக்காரரை ஒரு தடவ பாக்கணும்ல" என்றாள். சிரிப்பு உதட்டோடு சரி.

அன்று காலை அவள் கம்பெனித் தோழிகள் இருவருடன் வந்து கரையோரம் புங்க மரத்தடியில் நின்றாள். நான் பேட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மனதில் பாரம் இருந்தால் ஆட்டம் வராது என்பார்கள், சுத்தப் பொய். அன்றைக்கு முப்பத்து நான்கு அடித்தேன். பேச்சிலர் அணி தொண்ணூற்றொன்று. நான் அவுட் ஆகி வந்ததும் எங்கள் கேப்டன் என்னைத் தூக்கிச் சுற்றினான். அவன் என் சிநேகிதன், பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருக்கிறவன். பதிவு அலுவலகத்தில் எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். எல்லாம் தெரிந்தே என்னை ஆட வைத்த பாவி.

குடும்பஸ்தர் அணிக்கு அன்று ஓர் ஆள் குறைவு. பதினோராவது ஆளின் மனைவிக்குக் காலையில்தான் வலி எடுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார். பேச்சிலர் அணிக்கு வரவே முடியாத காயம் இது. சரி, பத்துப் பேரோடு ஆடுகிறோம் என்று நைனா சொல்லிவிட்டார். வழக்கமாக அவர்கள் ஐம்பதைத் தாண்டினாலே கரையில் கை தட்டுவார்கள். அன்று என்னவோ ஆளுக்கு ஆள் பத்து, பதினைந்து என்று அடித்துக்கொண்டே வந்தார்கள். நைனா நான்காவதாக இறங்கி, தொப்பையும் துண்டுமாக நின்று ஆடிக்கொண்டிருந்தார். நான் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜெயிக்க வேண்டும் என்று எனக்குள் ஆசை வந்துவிட்டது. கீப்பருக்கு வரக்கூடாத ஆசை.

எட்டுப் பந்தில் ஏழு ரன் வேண்டும் என்ற நிலையில் என் பக்கம் ஆடிக்கொண்டிருந்தவர் மட்டையைச் சுழற்ற, பந்து ஸ்டம்பில் பட்டு டங்கென்றது. ஒன்பதாவது விக்கெட். இறங்க ஆள் இல்லை. கடைசி ஆள் தனியாக நின்று ஆடுகிற வழக்கம் மற்ற ஊர்களில் உண்டு. எங்கள் ஊரில் அதை ஒழித்தவரே நைனாதான். ஜோடி இல்லாமல் அது என்ன ஆட்டம் என்பார். ஆகவே ஆட்டம் முடிந்தது. பேச்சிலர்கள் துள்ளிக் குதித்து ஓடிவந்தார்கள். நைனா மட்டும் பந்து போடுகிற முனையில் பேட்டை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். வேர்வையைக்கூடத் துடைக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து, அவுட் ஆகாமலே தோற்றுப்போன முகம்.

எனக்குத் தாங்கவில்லை. கையுறையைக் கழற்றி ஸ்டம்ப் மேல் மாட்டிவிட்டு, பிட்ச் நடுவே அவரை நோக்கி நடந்தேன்.

"நைனா, நான் ஆடுறேன்."

"நீ எப்டிடா ஆடுவ? கல்யாணம் ஆனவன்தான் ஆடணும்."

"ஆயிடுச்சு நைனா."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பக்கத்தில் அம்பயர் நின்றிருந்தார். லாரிக்காரருக்கு முட்டிதான் போயிருந்ததே தவிர காது போகவில்லை. "இன்னாது?" என்று அவர் போட்ட கூச்சல் மைதானம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். நைனா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தரையில் கிடந்த செங்கல் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தெளிந்தவர் அம்பயர்தான். "ரூலு ரூலுதாம்பா. எனக்குன்னு போட்ட ரூலு, எனக்குத் தெரியாதா? இவன் அடிச்ச முப்பத்துநாலும் செல்லாது. கழிச்சா அவங்க அம்பத்தேழு. நம்ம எண்பத்தஞ்சு. குடும்பஸ்தன் டீம் ஜெயிச்சு அர மணி நேரம் ஆவுது!" என்றார். நடுநிலை அம்பயர் 'நம்ம' என்று சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. குடும்பஸ்தர்கள் ஹோவென்று கத்தினார்கள். நான் கேட்ச் பிடித்ததில் பூஜ்யத்தில் வெளியேறிய ஒருவர், அந்தக் கேட்சும் செல்லாது என்று சொல்லி மறுபடி பேட்டை எடுத்தார்.

"நிறுத்துங்கய்யா" என்றார் நைனா. எல்லோரும் அடங்கினார்கள். "கழிச்சு ஜெயிக்கிறது ஒரு ஜெயிப்பா? ஜோடி இல்லாமத்தான நின்னுச்சு ஆட்டம். இப்ப ஜோடி வந்துகீது. எட்டு பால் கீது. அவங்கிட்ட பேட்டக் குடு."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். கோபமா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. பேட்டை வாங்கிக்கொண்டு, நடந்து வந்த பிட்ச்சிலேயே திரும்பி நடந்தேன். பாதி தூரம் போயிருப்பேன், பின்னாலிருந்து டொம் டொம் என்று சத்தம் வந்தது. என் சிநேகிதன் தண்ணீர் டின்னைக் கவிழ்த்து அடிக்க ஆரம்பித்திருந்தான். அடுத்த நொடி ஒருவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான். "எங்கள வுட்டுட்டுப் பூட்டியே ராசா, இத்தினி நாளா சொல்லாம பூட்டியே ராசா" என்று பத்துப் பேரும் மாரில் அடித்துக்கொண்டு என் பின்னால் வந்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது. மரத்தடியைப் பார்த்தேன். அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் இரண்டும் குலுங்கின.

என் கையுறையைச் சிநேகிதனே மாட்டிக்கொண்டு பின்னால் வந்து குந்தினான். "மாமே, இத நாளைக்கு சொல்லியிருக்கக் கூடாதா? பிரியாணி ஆறிப்போவுது" என்றான்.

முதல் பந்து வெறுமனே போனது. இரண்டாவதைக் கவர் பக்கம் தட்டி இரண்டு ஓடினோம். ஓவர் முடிந்தது. ஆறு பந்தில் ஐந்து. நைனா பிட்ச் நடுவுக்கு வந்து, ஏதோ மேடு இருப்பதுபோல் பேட்டால் தரையைத் தட்டினார்.

"எப்போ?"

"ஆவணில நைனா."

"எங்க?"

"பூந்தமல்லி. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல."

தட்டுவதை நிறுத்தினார். "நம்ம பட்டறைலேர்ந்து ரெண்டாவது தெரு."

"ஆமா நைனா."

"அன்னிக்கு நான் பட்டறைலதான் இருந்திருப்பேன்."

"இருந்த. ஆட்டோல போசொல்லோ பாத்தேன். வெல்டிங் வச்சினு இருந்த."

"சாட்சிக்கு எவன் கையெழுத்து போட்டான்?"

ஸ்டம்புக்குப் பின்னால் பார்த்தேன். சிநேகிதன் திடீரென்று வானத்தில் ஏதோ பறவையைத் தேடிக்கொண்டிருந்தான். "இவனா?" என்றார் நைனா. "எவன் எவனோ போட்டுகிறான். ரெண்டு தெரு தள்ளி கீறேன் நானு. கூப்ட்டிருந்தா கைய தொடச்சினு வந்திருப்பேனே" என்றார். குரல் உடைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் திரும்பி ஆடப் போய்விட்டார்.

அந்த ஓவரின் முதல் பந்தை அவர் அடித்த அடி இன்னும் கண்ணில் நிற்கிறது. என்மேல் இருந்த கோபத்தை எல்லாம் அந்தப் பந்து வாங்கிக்கொண்டது. மிட் விக்கெட்டில் இருந்தவன் பந்தைத் தடுத்துவிட்டுக் கையை உதறினான். இரண்டு ரன். அடுத்த பந்து காற்றைத்தான் அடித்தார். அதற்கடுத்தது ஒன்று. மூன்று பந்தில் இரண்டு ரன், நான் ஆட வேண்டும். கரையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மா பிரியாணி அண்டா பக்கத்தில் கரண்டியோடு நின்றாள்.

பந்து வந்தது. லாங் ஆன் பக்கம் தரையோடு தள்ளிவிட்டு ஓடினேன். ஒன்று நிச்சயம், வேகமாக ஓடினால் இரண்டும் உண்டு. எதிர் முனையிலிருந்து நைனா தொப்பை குலுங்க ஓடி வந்தார். நடுவில் என்னைக் கடக்கும்போது, ஓட்டத்தோடு ஓட்டமாகக் கேட்டார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் நைனா, ஓடு!"

அம்மாவுக்கு ஆவணியிலேயே தெரியும். என் சட்டைப்பையில் ரோஸ் மில்க் சீட்டும் மாலையில் இருந்து விழுந்த சம்பங்கிப் பூவும் பார்த்து, துவைக்கிற கல்லிலேயே வைத்து விசாரித்து முடித்துவிட்டாள். நாலு மாதமாக அவளும் சேர்ந்துதான் மறைத்தாள். இதை அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது.

நைனா நின்றுவிட்டார். பிட்ச்சின் நட்டநடுவில், ஓடுகிற ஆள் அப்படியே நின்று, கரைப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா கரண்டியைத் தூக்கி, ஓடு ஓடு என்று ஜாடை காட்டினாள். அவருக்கு அது ஏறவில்லை. "ஓடு நைனா!" என்று நான் கத்தினேன். பந்து வந்தது. என் சிநேகிதன் அதைப் பிடித்து, ஒரு கணம் தயங்கி, பிறகு ஸ்டம்பில் மோதினான்.

டங்.

ஒரு ரன்னில் தோற்றோம். வழக்கம்போல.

தோற்ற பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நைனா நேராக அம்மாவிடம் போனார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அம்மா கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசியதிலிருந்து, குற்றவாளி நைனாதான் என்று முடிவானதாகத் தெரிந்தது. பிறகு அம்மாவே போய் மரத்தடியில் நின்றவளைக் கைபிடித்து அழைத்துவந்தாள். பேச்சிலர்கள் இலை முன் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நைனா பிரியாணி வாளியோடு நின்றார். அவளைப் பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நீ உக்காரும்மா. இலை போடச் சொல்றேன்" என்றார்.

அவள் உட்காரவில்லை. "நானும் குடும்பஸ்தர் கட்சிதானே மாமா. தோத்த கட்சி. வாளியைக் குடுங்க" என்றாள்.

எங்கள் ஊரில் காணும் பொங்கல் பந்தியில் அதுவரை ஒரு பெண் பரிமாறியதில்லை, சமைப்பதோடு சரி. நைனா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். வாளியைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இன்னாடா வேடிக்க பாத்துனு கீற, தயிர் பச்சடிய எடு" என்றார். நைனா என்னிடம் பேசிவிட்டார் என்ற சந்தோஷத்தில் பச்சடியைப் பாதிப் பேருக்கு இலையில் ஊற்றினேன், பாதிப் பேருக்கு மடியில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்கு ஒரு வேனில் பதினாறு பேர் வருவதற்கு முன்னால், சனிக்கிழமையே ஒரு வேனில் பதினோரு பேர் போய் இறங்கினார்கள். குடும்பஸ்தர் அணி மொத்தமும், அம்பயரோடு சேர்த்து. அங்கே பிரியாணி எல்லாம் கிடைக்கவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவள் அப்பா சமாதானம் ஆக ஒன்றரை வருடமும் ஒரு பேத்தியும் தேவைப்பட்டது. இப்போது காணும் பொங்கலுக்கு முதலில் வந்து நாற்காலி போட்டுக்கொள்கிறவர் அவர்தான். நைனா பக்கத்தில் உட்கார்ந்து, வைடா இல்லையா என்று இருவரும் சண்டை போடுவதைப் பார்த்தால் ஆட்டத்தைப் பார்க்கவே தோன்றாது.

அதெல்லாம் பிறகு. அன்றைக்குச் சாப்பாடு முடிந்து, அண்டா கழுவி, எல்லோரும் கிளம்பும் நேரத்தில் நைனா நீள நோட்டை எடுத்துவரச் சொன்னார். மரத்தடியில் உட்கார்ந்து என் பெயரை எழுதினார். ஆவணி என்று எழுதினார். பேனாவை அவளிடம் நீட்டி, "உம் பேர நீயே எழுதும்மா, எனக்கு எழுத்து தப்பா பூடும்" என்றார். அவள் எழுதினாள். நைனா நோட்டைத் திருப்பி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கை இரண்டையும் வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு எங்கள் பெயர்களுக்குக் கீழே ஏதோ எழுதி, மூடி, என்னிடம் கொடுத்தார்.

இப்போது குடும்பஸ்தர் அணிக்கு நான் கேப்டன். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மலருக்காக நேற்று எடுத்துப் புரட்டினேன். நூற்றுச் சொச்சம் பெயர்கள், பெயருக்கு நேரே மாதம், அவ்வளவுதான். எங்கள் பெயருக்குக் கீழே மட்டும் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. 'சாட்சி' என்று எழுதி, பக்கத்தில் நைனா தன் முழுக் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்.